இன்னும் சில நாள் பொறுத்திருக்கலாம்

கட்டடப் பராமரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். வண்டி நிறுத்துமிடத்தில் உத்தரத்தை ஒட்டியிருந்த தகைவிலான் குருவிக் கூட்டைச் செவ்வாய்க்கிழமை கம்பால் தட்டி இறக்கினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எச்சம் விழுகிறது என்று புகாராம். விழத்தான் செய்கிறது, என் வண்டி மேலேயும்தான். அதற்காகக் குஞ்சு இருக்கும்போதா?

அன்று மாலை நான் அங்கே நின்றிருந்தேன். தாயும் தகப்பனும் வாய் நிறையப் பூச்சியோடு வந்தன. கூடு இருந்த இடத்துக்கு நேராகப் பறந்து, சுவரில் மிஞ்சிய மண் தடத்தைக் காலால் பற்றப் பார்த்து, வழுக்கி, வெளியே போய், மறுபடி வந்தன. இருட்டும்வரை இதே வேலை. கடைசியாகப் போனபோதும் அலகில் பூச்சி அப்படியே இருந்தது.

இன்னொரு கூடு கட்டிக்கொள்ளட்டும் என்றீர்கள். ஈர மண்ணை வாய் வாயாக நூற்றுக்கணக்கான தடவை சுமந்து வந்தால்தான் ஒரு கூடு. அப்புறம் அடைகாக்க ஏறக்குறைய 2 வாரம், குஞ்சு பறக்க 3 வாரம். குளிர் வந்து பறக்கும் பூச்சிகள் அற்றுப்போவதற்குள் தெற்கே கிளம்பியாக வேண்டும். 1911-இல் இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டிவிட்ட ஒரு தகைவிலான், அடுத்த ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கிடைத்தது. ஏறக்குறைய 20 கிராம் எடை! அத்தனை தூரம் போய்விட்டு, வசந்தத்தில் பழைய இடத்தையே தேடி வருகிற பறவைக்கு நம் கட்டடத்தில் மட்டும் நுழைவு அனுமதி இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: குஞ்சுகள் பறந்து போகும்வரை இனி எந்தக் கூட்டையும் தொடாதீர்கள். அதே இடத்தில் 2 விளக்கு எரியாமல் மாதக்கணக்காகிறது, 3 தடவை எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஏணி கிடைக்கவில்லை. கூட்டைத் தட்ட மட்டும் பத்தே நிமிடத்தில் ஆளும் வந்தார், கம்பும் வந்தது.

சரி, விளக்குப் பேச்சு இப்போது வேண்டாம். தயவுசெய்து, மிச்சமிருக்கும் 2 கூடுகளையும் பறவைகள் தெற்கே போகும்வரை விட்டுவையுங்கள். கூட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பலகை அடித்தால் எச்சம் அதிலேயே விழும். பலகை நான் வாங்கித் தருகிறேன், வாராவாரம் துடைத்தும் வைக்கிறேன். ஏணி மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்