குலத்துக்கு, ஆபுத்திரன் விஷயமாக

அன்பின் குலம்,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே வாசி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. அவளைவிடத் தாய்க்குத்தான் புளுகம். கட்டையன் பழையபடி, அவன் கடனும் பழையபடி.

சொல்ல வந்தது சோதியைப் பற்றி. ஆள் தியானத்தில் இறங்கிவிட்டான். சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் தேவாரத்துக்கு வாயை மட்டும் அசைத்துக் காலத்தை ஓட்டியவன், இப்போது விடிய நாலரைக்கு எழும்பி எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும் என்று உட்காருகிறான். 'எல்லா உயிருக்கும் சுகம் கேட்கிறவர் எனக்கு ஒரு நாள் பிளேன்ரீ ஊற்றித் தந்ததில்லை' என்று மனுசி சொல்கிறா. தையிட்டியில் சனத்தின் காணியில் கட்டின விகாரைக்கு எதிராகப் போயாவுக்குப் போயா, பௌர்ணமி தவறாமல், சனம் போராடுகிற நேரத்தில் இவன் புத்தரைப் பிடித்தால் ஊர் சும்மா விடுமா? 'புத்தரா வந்து காணி பிடித்தவர்?' என்று கேட்டுவிட்டுப் போகிறான். அந்த ஒன்றில் நான் அவன் பக்கம்.

போன மாதம் இரண்டு பேருமாக நயினாதீவுக்குப் போனோம். குறிகட்டுவானில் படகு ஏறியதில் இருந்து வாக்குவாதம்தான். அவன் செய்கிற மைத்திரி தியானத்தில், அதாவது எல்லோருக்கும் நன்மை நினைக்கிற தியானத்தில், முதல் வாழ்த்தே தனக்குத்தானாம். பேந்துதான் மதிப்புக்குரியவர், பிரியமானவர், சும்மா அறிமுகமானவர், கடைசியில் பகையாளி. பந்தியில் முதல் இலையைத் தனக்குப் போட்டுவிட்டுப் பரிமாற வருகிறவன் என்ன கருணைக்காரன் என்று கேட்டேன். தானம் கொடுத்தால் புண்ணியம், புண்ணியத்தால் நல்ல பிறப்பு என்பதும் கொடுக்கல் வாங்கல்தானே? பண்டிதர் பிரம்போடு நின்று பாடமாக்குவித்த மணிமேகலை அடியை எடுத்துவிட்டேன்: 'ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்.' திருப்பித் தரக்கூடியவனுக்குக் கொடுக்கிறவன் அறத்தை விற்கிறவன் என்றால், அடுத்த பிறப்பில் வட்டியோடு எடுக்கலாம் என்று கொடுக்கிறவன் யார்? பக்கத்தில் இருந்த ஆச்சி வெற்றிலை மெல்லுவதை நிற்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா.

சோதி கோபப்படவில்லை. எனக்கு அதுதான் கூட எரிச்சல். ஒரு கதை சொன்னான். கோசல மன்னன் பசேனதி தன் ராணி மல்லிகையிடம், 'உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாரும் உண்டா?' என்று கேட்டானாம். 'நீங்கள்தான்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் 'இல்லை' என்றாள். யோசித்துப் பார்த்தால் அவனுக்கும் இல்லை. புத்தரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஏசவில்லை. எல்லோருக்கும் தன்னைத்தான் பிரியம், ஆகவே தன்னை நேசிப்பவன் பிறரை இம்சிக்காதிருக்கட்டும் என்றாராம்.

அதை நான் படித்த பேச்சென்று விட்டுவிட்டேன். அடுத்ததுதான் இரவு நித்திரையைக் கெடுத்தது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பிக்கு அனுராதபுரத்தில் இருந்து எழுதிய விசுத்திமார்க்கம் என்ற பௌத்த நூலில் வருகிறது. தியானம் செய்கிற பிக்கு ஒருவர், அவருக்குப் பிரியமானவர், அறிமுகமானவர், பகையாளி, நாலு பேரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். கள்ளர் வந்து, பலி கொடுக்க ஒருவரைத் தா என்கிறார்கள். 'பகையாளியைக் கொண்டு போ' என்று நினைத்தால் மைத்திரி நிறையவில்லை. அது எனக்கும் விளங்கும். ஆனால் 'இவர்களை விடு, என்னைக் கொண்டு போ' என்று நினைத்தாலும் நிறையவில்லையாம்! அப்போதும் நாலு பேரில் ஒருவருக்குத் தீங்கு நினைத்தாயிற்று, அந்த ஒருவர் நீயாக இருந்தாலும். கொடுக்கக்கூடியவர் என்று ஒருவரையும் காணாதபோதுதான் நான், பிறர் என்ற எல்லை உடைகிறது. சிபியில் தொடங்கித் தன்னைக் கொடுத்தவன் கதையாகவே கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது எங்கே இறங்கும்?

நயினாதீவு அம்மன் கோயில் அன்னதான மண்டபமான அமுதசுரபி மண்டபத்தில் சாப்பிட இருந்தபோது மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் ஞாபகம் வந்தான். (பூசணிக்காய்க் கறி திறம்.) மதுரையில் சிந்தாதேவி என்ற தெய்வம் தந்த, சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தால் ஊருக்கே சோறு போட்டவன். வரம் தர வந்த இந்திரனைச் சிரித்து அனுப்பியவன். அந்தக் கோபத்தில் இந்திரன் கொடுத்த தண்டனை என்ன? மழை! பாண்டி நாடு செழித்தது. பசித்தவன் ஒருவனும் இல்லை. ஆபுத்திரன் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அவனோ ஊர் ஊராகச் சாப்பிட ஆள் தேடி அலைகிறான், சனம் இகழ்கிறது. கடலுக்கு அப்பால் சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில், அதாவது நாங்கள் சொல்கிறபடி இதே நயினாதீவில், தனியாக விடப்படுகிறான். பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான். தன் பசிக்கு ஒரு கவளம் எடுக்கவில்லை.

பண்டிதர் இதைத் தியாகம் என்று படிப்பித்தார். எனக்கு இப்போது அப்படித் தெரியவில்லை. அவனுக்குச் சோறு போடுகிறவனாக இருப்பது தேவைப்பட்டது. பசித்தவன் இல்லாத ஊரில் அவனுக்கு இருக்கத் தெரியவில்லை. பலரைக் காப்பாற்றிய பாத்திரத்தைத் தன் ஒருவனுக்காக வைத்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்கிறான் சோதி. இருக்கலாம். ஆனால் ஆபுத்திரன் நாலு பேரில் ஒருவரை, தன்னையே, கள்ளரிடம் கொடுத்துவிட்டான் என்பதைச் சோதியாலும் மறுக்க முடியவில்லை.

இவ்வளவும் எழுதியது உனக்காகத்தான். உன் மனுசி போனில் இவளிடம் அழுதவ. சீனி வருத்தம் ஏறிக் காலில் புண், அதோடு சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறாயாம், எங்கள் ஊர் வாசிகசாலைக் கூரைக்குக் காசு அனுப்ப வேண்டும் என்று. யாரடா உன்னைக் கணக்கில் இருந்து எடுத்தது?

கூரைக்குக் காசு சேர்ந்துவிட்டது. மீதி வேலையைப் பொடியள் தாங்களே சிரமதானமாகச் செய்கிறார்கள். இனி உன் காசு வேண்டாம். இதை வாசித்தபோது உனக்கு முதலில் வந்தது சந்தோஷமா, முகம் சுருங்கியதா? ஒளிக்காமல் எழுது. கல்வெட்டில் பெயர் எப்படியும் வரும், பயப்படாதே.

கால் புண்ணை டொக்டரிடம் காட்டி அவர் சொன்னதை அப்படியே எழுது. அதுவரை வாசிகசாலையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்காதே. சோதி தன் தியானத்தில் பிரியமானவர் இடத்தில் உன்னைத்தான் வைத்திருக்கிறானாம். பகையாளி இடத்தில் யார் என்று கேட்டேன். சொல்லுகிறான் இல்லை. நான்தான் போல.

அன்புடன்,
நாதன்