பேசாம உட்கார விட்ட எல்லாருக்கும் நன்றி

வேலைக்கு நீண்ட லீவு போட்டுட்டு ஊர் ஊரா போய், தியானம்னு உட்கார்ந்து, ஒருவழியா திரும்பி வந்தாச்சு. பாக்குறவங்க எல்லாம் "என்ன கிடைச்சுது"ன்னு கேக்குறீங்க, எனக்கோ யார் யார் குடுத்தாங்கன்னுதான் மனசுல ஓடிட்டே இருக்கு.

முதல்ல மகாராஷ்டிராவுல இருக்குற இகத்புரி தம்மகிரி தியான மையத்துல சேவை பண்ணவங்களுக்கு. அங்க சொல்லிக்குடுக்குற விபாசனா தியானத்தோட 10 நாள் கோர்ஸ்ல கடைசி நாள் வரைக்கும் பேச்சு கிடையாது, சைகை கூட கூடாது, அதனால அங்க யாருக்கும் ஒரு தேங்க்ஸ் கூட சொல்ல முடியல. விடிகாலை 4 மணிக்கு ஒருத்தர் கைமணியை ஆட்டிக்கிட்டே ரூம் ரூமா வருவார், உள்ள லைட் எரியலன்னா ஜன்னல் பக்கம் நின்னு இன்னும் கொஞ்சம் மெதுவா ஆட்டுவார், அப்போ அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்! அவங்க யாருக்கும் சம்பளம் இல்ல. நமக்கும் கட்டணம் இல்ல, கோர்ஸ் முடிச்சப்புறம்தான் நன்கொடையே வாங்குவாங்க, அதுவும் அடுத்து வர்றவங்களுக்கு. அப்படின்னா நான் தங்கினது சாப்பிட்டது எல்லாம் எனக்கு முன்னாடி வந்துபோன யாரோ குடுத்தது. பேர் தெரியாத அந்த மகராசருக்கு கோடி நன்றி.

ஒரு மணி நேரம் கை கால் அசைக்காம, கண்ணைத் திறக்காம உட்காரணும்னு சொல்ற அதிட்டான வேளையில எனக்கு முட்டி உயிர் போகும். வலி ஒண்ணு, "ஐயோ வலிக்குதே"ன்னு உள்ள நான் போடுற கூச்சல் இன்னொண்ணுன்னு அங்கதான் புரிஞ்சுது, கூச்சல் அடங்கினப்போ வலி தானா ஏறி தானா இறங்குச்சு. பக்கத்துல ஆடாம அசையாம இருந்தவரோட மூச்சுச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சேன், அவருக்கும் நன்றி.

அப்புறம் திருவண்ணாமலை. அங்க கோயிலுக்குள்ள இருக்குற பாதாள லிங்க அறையில பூச்சி கடிச்சது கூட தெரியாம ரமணர் உட்கார்ந்திருந்தார்னு எல்லாரும் சொல்லுவோம், ஆனா அவரை அங்கேருந்து தூக்கிட்டு வந்தவங்க இருந்தாங்க, அப்புறம் பல வருஷம் கூடவே இருந்து பாத்துக்கிட்ட பழனிசாமி இருந்தார். மலையில அவங்க ரெண்டு பேரும் தங்கியிருந்த விரூபாட்ச குகையில நான் உட்கார்ந்திருந்தப்போ எனக்கு பழனிசாமி நெனப்புதான் அதிகம் வந்துது.

ஏன்னா எனக்கும் அப்படி ஆளுங்க இருந்தீங்க. என் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டு செஞ்சுட்டு ஒரு போன் கூட பண்ணாத ஆபீஸ் நண்பர்களே, ரொம்ப ரொம்ப நன்றி. அம்மாவுக்கு மாத்திரை, ஆஸ்பத்திரி, ராத்திரி முழிப்புன்னு அத்தனையும் பாத்துக்கிட்டு, கேட்டப்போ எல்லாம் "இங்க ஒண்ணும் இல்லண்ணா, நீ இரு"ன்னு சொன்ன தங்கச்சி, நீ ஒரு தடவை கூப்பிட்டிருந்தா நான் பாதியிலயே கிளம்பியிருப்பேன்டா. அடுத்து உன் முறை, எங்க போகணும்னு தேதியை மட்டும் சொல்லு, அம்மாவை நான் பாத்துக்கிறேன்.