மெட்ராஸ் ரெஜிமென்ட் கண்காட்சி: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த மாதம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் பள்ளிக் கூடத்தில் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

தென் மாநிலத்தவரைக் கொண்ட இந்தக் காலாட்படையின் தொடக்கம் 1758. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமென்ட் இதுவே. தொப்பிச் சின்னத்தில் இருக்கும் யானை, 1803-ல் நடந்த அசாயே போரின் நினைவு. அன்று எதிரில் நின்றவர்கள் மராட்டியர்கள். ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே அந்தப் போர் நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். மூன்றே ஆண்டுகளில், 1806 ஜூலை 10 அன்று, அதே மெட்ராஸ் படைச் சிப்பாய்கள்தான் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்தன.

பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்குப் பின் வந்த காலம். தென்னாட்டவர் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று ஆங்கிலேய அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அந்தக் கருத்தை வலுவாகப் பரப்பினார். ஆளெடுப்பு வடக்கே போனது. முதல் உலகப்போருக்குப் பின் மெட்ராஸ் காலாட்படை பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பி, கோவைக்கு அருகே மதுக்கரையில் 1942-ல் பயிற்சி மையம் அமைத்தார்கள். வீரர்கள் பர்மாவில் போரிட்டு அந்தப் பழிச்சொல்லைப் பொய்யாக்கினார்கள். மையம் 1947-ல் நீலகிரியின் வெலிங்டனுக்கு மாறி, இன்றும் அங்கேயே இயங்குகிறது. சுதந்திரத்துக்குப் பின் திருவாங்கூர், கொச்சி, மைசூர் சமஸ்தானப் படைகளும் இதில் சேர்ந்தன.

பட்டாலியன் எண்களை இணையத்தில் எடுத்துவிடலாம். உங்கள் வீட்டுத் தாத்தாவின் கதை அங்கே கிடைக்காது. ராணுவத்தில் இருந்தவர்களின் புகைப்படம், கடிதம், டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் செல்போனில் படமெடுத்து அனுப்புங்கள். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பையும் நெருக்கமாக எடுங்கள். படை எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும். பட்டாலியனைக் கண்டுபிடிக்க அது உதவும். அசல் பொருட்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் இல்லாமல் வேறு பிரிவில் இருந்தவர்களாக இருந்தாலும் சரி, தனி மேசை ஒதுக்கியிருக்கிறோம்.

பணி முடித்து வந்த வீரர்கள் யாராவது பிள்ளைகளோடு அரைமணி நேரம் பேச முன்வந்தால் பெருமகிழ்ச்சி. விருப்பமுள்ளவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்