சொந்தத் திருமணம், தாய்வழிக் குடி, தலசீமியா: கணக்கில் ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் வாரப் பதிப்பில், சொந்தத்துக்குள் செய்யும் திருமணங்களையும் பரம்பரை நோய்களையும் பற்றி வெளிவந்த கட்டுரையை இருமுறை வாசித்தேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரியவர்கள் கல்யாணம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் ஒரு விடயத்தை வெளிப்படையாக எழுதியமைக்குக் கட்டுரையாளருக்கு நன்றி. ஆயினும், நீண்டகாலம் உயர்தர மாணவருக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற வகையில், அதிலுள்ள கணக்கு இரண்டு இடங்களில் பிழைத்திருப்பதைக் கண்டும் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை.

முதலாவது, தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோய்க்காகக் குருதி ஏற்ற வரும் பிள்ளைகளின் குடும்பங்களை விசாரித்த கட்டுரையாளர், அக்குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நோயுற்றிருப்பதாகவும், ஆகவே நான்கில் ஒன்று என்ற பாடப்புத்தக விகிதம் எமது மக்களுக்குப் பொருந்தாது எனவும் எழுதியிருந்தார். விகிதத்தில் பிழையில்லை, எண்ணத் தொடங்கிய இடத்தில்தான் பிழை. தாயும் தந்தையும் காவிகளாக (தாம் நோயுறாமல், நோய்க்குரிய பரம்பரையலகு, அதாவது மரபணு, ஒன்றைத் தாங்குவோராக) உள்ள, இரண்டு பிள்ளைகள் வீதம் பெற்ற 16 குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் நிகழ்தகவு 1/4 எனின், சராசரியாக 9 குடும்பங்களில் எந்தப் பிள்ளைக்கும் நோய் இராது. 6 குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கும், 1 குடும்பத்தில் இரு பிள்ளைகளுக்கும் நோய் இருக்கும். 32 பிள்ளைகளில் நோயுற்றோர் 8 பேர், சரியாக நான்கில் ஒன்று. ஆனால் அந்த 9 குடும்பங்களும் வைத்தியசாலைப் படியை மிதிப்பதில்லை. தாம் காவிகள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. வாட்டின் வாசலில் நின்று எண்ணுபவரின் கண்ணில் படுபவை மிகுதி 7 குடும்பங்கள் மட்டுமே. அவற்றிலுள்ள 14 பிள்ளைகளில் 8 பேர் நோயாளர் என்றால் அது 57 சதவீதம்! எமது இரத்தத்தில் ஏதோ தனியான சாபம் இருப்பதுபோல் தோன்றச் செய்வது இந்த எண்தான்.

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர வைத்தியரான வில்ஹெல்ம் வைன்பேர்க் 1912 இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். எந்தப் பிள்ளையின் நோயால் அக்குடும்பம் எமது பார்வைக்கு வந்ததோ அப்பிள்ளையை விலக்கிவிட்டு, அதன் உடன்பிறப்புகளை மட்டும் எண்ண வேண்டும். மேற்சொன்ன 8 நோயாளரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால், அவர்களுக்குரிய உடன்பிறப்புகளாக 8 தடவைகள் எண்ணுவோம். அவற்றில் நோயுற்றோர் வருவது, இரு பிள்ளைகளுக்கும் நோயுள்ள அந்த ஒரு குடும்பத்தில், 2 தடவைகள். மீண்டும் நான்கில் ஒன்று. கட்டுரையாளர் தமது குறிப்புப் புத்தகத்தை எடுத்து இவ்வாறு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எனது பணிவான வேண்டுகோள். (நான்கில் ஒன்று என்றால், ஒரு பிள்ளைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பும் என்று பொருள் கொள்ளும் தாய்மாரையும் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்குப் புதிதாகத்தான் தொடங்குகிறது.)

இரண்டாவது பிழை எமது மண்ணுக்கே உரியது. ஆபத்தும் அதில்தான் கூட. குடி, அதாவது தாய்வழிக் குலம், வேறாக இருந்தால் பயமில்லை, குடி பார்த்துச் செய்யும் வழக்கமே எம்மைக் காத்து வந்துள்ளது என்று கட்டுரை கூறுகிறது. காலிங்கா குடியோ, உலகிப்போடி குடியோ, படையாண்ட குடியோ, பிள்ளைக்கு வருவது தாயின் குடி; ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. இங்குள்ள முஸ்லிம் மக்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. ஆனால் தாய்மாமனின் மகள் மாமியின் குடியைச் சேர்ந்தவள். தந்தையின் சகோதரியின் மகள் தந்தையின் குடியைச் சேர்ந்தவள். மச்சானும் மச்சாளும் எப்போதும் வேறு குடியினராகவே இருப்பர். ஆயினும் அவர்களுக்குப் பாட்டனும் பாட்டியும் ஒன்றே. வயிற்றுவார் (தாய்வழி மரபு) வழியே குடி இறங்குவதைப் போலவே தாய் வழியாக மட்டும் இறங்கும் டி.என்.ஏ. ஒன்று உண்மையில் உண்டு: கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் டி.என்.ஏ. அதில் இருப்பவை 37 பரம்பரையலகுகள். ஏனைய ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகளில் மிகப் பெரும்பாலானவை தாய், தந்தை இருபக்கமிருந்தும் வருகின்றன. பீற்றா தலசீமியாவுக்குரியது 11 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. அதற்குக் குடி தெரியாது. இரண்டு குடிகள் தமக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்து வந்தால், குடிவழக்கு ஒருமுறையேனும் மீறப்படாமலே உறவு மேலும் மேலும் நெருங்கும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எனது உறவினர் சிலரின் வம்சாவழியை வரைந்து பார்த்தபோது, மச்சான் மச்சாள் மட்டுமே என்று சொல்லப்பட்ட தம்பதியர் மூன்று வழிகளில் உறவினராக இருக்கக் கண்டேன்.

அப்படியானால் எவ்வளவு பயப்பட வேண்டும்? 2000 ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இலங்கையில் பீற்றா தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேர் எனவும், அது இடத்துக்கு இடம் மாறுபடுகிறது எனவும் காட்டியது. நூற்றுக்கு 2 என்றே வைத்துக்கொண்டால், உறவில்லாத தம்பதியரின் பிள்ளைக்கு நோய் வரும் நிகழ்தகவு 10,000 இல் 1. மச்சான் மச்சாள் தம்பதியரின் பிள்ளைக்கு ஏறத்தாழ 1,400 இல் 1. ஏழு மடங்கு என்று தலைப்பிட்டால் ஊர் கலங்கும். ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று எழுதினால் அலட்சியம் பிறக்கும். இரண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும். நோய் அரிதாக அரிதாக இந்த மடங்கு கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: உறவில்லாதோரிடம் பத்து இலட்சத்தில் 1 ஆக வரும் ஒரு பின்னிடைவு நோய் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்), மச்சான் மச்சாள் பிள்ளைகளிடம் ஏறத்தாழ 16,000 இல் 1 ஆகிவிடும். அவ்வகை நோய்களைப் பொறுத்தவரை கட்டுரையாளரின் எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது.

தலசீமியாவைப் பொறுத்தவரையோ, இந்த நிகழ்தகவுகளை எல்லாம் ஒரு குருதிப் பரிசோதனை தேவையற்றதாக்கிவிடும். முழுக் குருதி எண்ணிக்கையில் செங்குழியங்கள் சிறிதாக இருப்பின் அது இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம் என்பதால், காவிகளிடம் கூடுதலாகக் காணப்படும் ஈமோகுளோபின் ஏ2 அளவையும் பார்க்க வேண்டும். இருவரில் ஒருவர் காவியல்லர் எனின், அவர்கள் மச்சான் மச்சாளாக இருந்தாலும் பிள்ளைக்குப் பீற்றா தலசீமியா நோய் வராது. இருவரும் காவிகள் எனின், ஒருவர் மட்டக்களப்பிலும் மற்றவர் மன்னாரிலும் பிறந்திருந்தாலும் நிகழ்தகவு 1/4 தான்.

கட்டுரையின் இறுதியில், உமிழ்நீரை வெளிநாட்டுக்கு அனுப்பி நீரிழிவு, இருதய நோய் வாய்ப்புகளை அறியலாம் என்று கூறப்பட்டிருந்தது பற்றியும் ஒரு சொல். டி.என்.ஏ.யைப் பார்த்து நோய் வாய்ப்புக்கு இடப்படும் அத்தகைய மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவழியினரை எண்ணிப் பெற்ற தரவுகளிலிருந்து கணிக்கப்படுபவை. பிற மக்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. பல நாட்டு மக்களின் டி.என்.ஏ.யை வாசித்து 2015 இல் நிறைவடைந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 2,504 பேரிடையே இலங்கைத் தமிழரும் ஒரு தொகுதியாக உள்ளனர். ஆனால் அந்த மாதிரிகளும் ஐக்கிய இராச்சியத்தில் வாழ்வோரிடமிருந்து பெறப்பட்டவை. அங்கும் நான் கேட்பது வாட்டு வாசலில் கேட்ட அதே கேள்வியைத்தான்: எண்ணப்பட்டவர்கள் யார்?

குடி வேறென்றால் பயமில்லை என்ற அந்த ஒரு வரியையாவது அடுத்த ஞாயிறு இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆவணி பிறக்க முன்னரே எமது ஊரில் இரண்டு வீடுகளில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. இரண்டு வீட்டிலும் தங்கள் பத்திரிகை வாசிக்கிறார்கள்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.