பெயர்கள் ஓடி முடியட்டும்

மதிப்பிற்குரிய ஓடிடி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே படத்தை மூலைக்குத் தள்ளி, 'அடுத்து' என்று நொடிகளை எண்ண ஆரம்பிக்கும் உங்கள் ஏற்பாட்டை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. போன சனிக்கிழமை அது எங்கள் வீட்டில் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா மகனுக்கு 14 வயது. அத்தான் இறந்து ஏழு மாதம். அன்றிலிருந்து 'அப்பா' என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா." அப்பாவை இழந்த ஒரு சிறுமியின் படத்தை அவனேதான் தேடிப் போட்டான். தலையணை உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டே முழுவதும் பார்த்தான். கடைசியில் அவள் அப்பாவின் சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் நிற்கிறாள். வசனமில்லை, இசையில்லை. அதன் மேலேயே பெயர்கள் வரத் தொடங்கின. இவன் கை நின்றது. "மாமா, அப்பாவோட சட்டை..."

ஐந்து, நான்கு, மூன்று. ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டம் அலறியது. நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் எழுந்து போய்விட்டான். அப்புறம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாமா."

'செட்டிங்ஸில் அணைக்கலாமே' என்பீர்கள். அணைத்துத்தான் இருந்தது. அது தொடர்களுக்கு மட்டுமாம், படங்களுக்குச் செல்லாதாம். உங்கள் சேவைப் பிரிவு ஒரு சிரிப்பு ஸ்மைலியோடு பதில் எழுதியது.

வளரும் பிள்ளையின் துக்கத்தைச் சொல்லும் படம் முடிவில்தான் நம்மிடம் பேசவே ஆரம்பிக்கிறது. 1955இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யில், இறந்துபோன அக்கா திருடி ஒளித்துவைத்த மாலை தம்பி அப்புவிடம் கிடைக்கிறது. யாரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மூடிக்கொள்கிறது. அது மூடும்வரை சத்யஜித் ராய் பொறுத்திருந்தார். 1959இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படமான 'தி 400 ப்ளோஸ்'ஸை, கடல்வரை ஓடி வந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் பையனின் முகத்தில் உறையவிட்டு முடித்தார். நல்லவேளை, அப்போது நீங்கள் இல்லை.

ஆகவே கேட்கிறேன்: பெயர்கள் முழுத்திரையில் ஓடி முடியட்டும்.

சட்டை மடிக்கும் அந்தப் படத்தை 'மனதுக்கு இதமானவை' வரிசையில் வைத்த புண்ணியவான் யார்? அதைப் பார்த்த குற்றத்துக்காக, 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று மூன்று கொலைப் படங்களைப் பரிந்துரைத்தது எந்த மூளை? எங்கள் ரசனையை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அல்லவா நீங்கள்!

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். படங்களுக்கு இந்த எண்ணிக்கை வேண்டாம். அது முடியாதென்றால், அணைக்கும் பொத்தானாவது படங்களுக்கும் வேலை செய்யட்டும். தயவுசெய்து.

இன்று காலை முகப்பில் அந்தப் படம் மறுபடி நிற்கிறது. 'தொடர்ந்து பாருங்கள்: இன்னும் 4 நிமிடம்.' வெட்டியது நீங்கள், முடிக்காதது நானாம்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் ஒரு மாமா