பிஸ்கட் டப்பா

சாட்ஸ்வொர்த், டர்பன்
ஞாயிறு இரவு

அன்புள்ள தடியா,

மூன்று மாதமாக என்னிடமிருந்து கடிதம் இல்லை என்று அக்காவிடம் கோள் மூட்டினாயாமே. சரி, தப்புத்தான். அம்மா சுகம். முழங்கால் வலியோடு இந்தத் தைப்பூசத்துக்கும் காவடிக்குப் பின்னால் நடந்தேதான் போனாள். போதுமா?

நான் வாத்தியார் ஆகிவிட்டேன். சிரிக்காதே! சனிக்கிழமை கிளினிக்கை மூடியபின் ஏழெட்டு இளம் டாக்டர்கள் வந்து உட்காருகிறார்கள். கிளினிக்கையும் ஒரு கடையாக நடத்தச் சொல்லிக்கொடுக்கிறேன். 'கடை' என்றதும் ஒரு பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது.

படிப்பு முடித்து 2 வருடம் இன்டர்ன், 1 வருடம் கம்யூனிட்டி சர்வீஸ் என்று கட்டாய அரசாங்க வேலை. இத்தனையிலும் ஒரு பில் எழுத யாரும் காட்டித்தரவில்லையடா. நெஞ்சில் குழாய் வைத்து நோயைச் சொல்லும் பிள்ளைகள். ஐசிடி-10 என்ற நோய்க் குறியீடு பிசகினால் மெடிக்கல் எய்ட், அதுதான் மருத்துவக் காப்பீடு, நாம் பணம் கேட்டு அனுப்பும் கிளைமைத் திருப்பிவிடும் என்று தெரியாது. வைத்தியம் பார்த்த மாதம் போக, நாலாம் மாதக் கடைசிக்குள் கிளைம் போய்ச் சேராவிட்டால் பணம் கோவிந்தா என்றேன். நம்பவில்லை. அப்போதுதான் நம் பழைய கிளினிக்கில் கிளைம் சீட்டுகளை நீ போட்டுவைத்து மறந்த பிஸ்கட் டப்பாக் கதையை இழுத்தேன். பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின் தயங்கி நின்றான். போன வருடம் தனியாகக் கிளினிக் போட்டிருக்கிறான். வாசல்வரை கூட்டம். வந்ததெல்லாம் தன் பணம் என்று எண்ணி ஸ்கேன் மெஷினைத் தவணையில் எடுத்திருக்கிறான். ஆகஸ்ட் கடைசியில் புரொவிஷனல் டாக்ஸ், அதாவது முன்கூட்டிக் கட்டும் வருமான வரி, வந்து நின்றது. பிப்ரவரியில் அடுத்தது. கிளைம் பாதி இன்னும் வரவில்லை. கூட்டம் இருக்கும்போதே பூட்டிவிட்டான். இப்போது ராத்திரி டியூட்டி பார்த்துக் கடன் அடைக்கிறான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் கிளினிக் அன்று தப்பியது சாமர்த்தியத்தாலா? உன் மாமா கடைசி நேரத்தில் கைகொடுத்ததால்தானே?

முகம் சுருங்கிய பெண் நேற்று கேட்டாள்: "காசில்லாத பாட்டி வந்தால் கணக்கில் எப்படி எழுதுவது, டாக்டர்?" இலவசம் என்றே எழுது, ஆனால் எழுது என்றேன். எழுதாமல் விட்டால் மாதக் கடைசியில் எத்தனை பாட்டியைத் தாங்கமுடியும் என்று எப்படித் தெரியும்?

வரிக்கணக்கு எனக்கே தகராறு. நீ இப்போது பெரிய கணக்குப்பிள்ளை அல்லவா? அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இறங்கி வா. அந்தப் பையனையும் வரச் சொல்கிறேன். ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றிய நம்ம ஊர் மட்டன் பன்னி சௌ என் செலவு. டப்பாவை மட்டும் கொண்டுவராதே.

உன்,
ஒல்லி