பேய் வராத நாளில் பேயோட்டி என்ன செய்வார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் மாயக்கதை ரோல்பிளேயிங் விளையாட்டுகள் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, 'உங்களுக்கென்று ஒரு கிளாஸை நீங்களே எழுதலாம்' என்று புதியவர்களைத் தூண்டியிருந்தது. கிளாஸ் என்றால் ஒரு பாத்திரத்தின் தொழில், அதோடு வரும் சக்திகள். நல்ல யோசனைதான். ஆனால் அதற்குச் சொன்ன வழி சரியில்லை. ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதற்குப் பொருந்தும் நான்கைந்து சக்திகளை வரிசையாக எழுதிவிட்டால், அது மேசைக்கு வந்த சில நாட்களிலேயே தள்ளாடத் தொடங்கிவிடும்.

முதலில் ஒரு திருத்தம். தீஃப், அதாவது திருடன், தொடக்கத்திலிருந்தே இருந்த கிளாஸ் என்பதுபோல் கட்டுரை எழுதியிருந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் தீஃப் இல்லை. ஃபைட்டிங் மேன் (சண்டைவீரர்), மேஜிக் யூசர் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி) என்று மூன்றே கிளாஸ்கள். தீஃப் 1975-ல் கிரேஹாக் என்ற இணைப்பு நூலில்தான் வந்தது. அதற்கு முன் பூட்டை நெம்பவும், தரையைக் கம்பால் தட்டிப் பொறி தேடவும், இருட்டில் பதுங்கவும் யார் வேண்டுமானாலும் முயலலாம். எப்படிச் செய்கிறோம் என்று ஆட்டக்காரர் சொல்வார். பலித்ததா என்பதை ஆட்டத்தை நடத்துபவர் முடிவு செய்வார். தீஃபுக்கென்று சதவீதப் பட்டியல் வந்ததும், பட்டியல் இல்லாதவர்களுக்கு அந்த முயற்சியே கிடையாது என்று பல மேசைகளில் ஆகிப்போனது. சரி, தீஃபுக்காவது லாபம் உண்டா? 1978-ன் அட்வான்ஸ்டு பதிப்பில் முதல் லெவல் தீஃபுக்கு, இதர கூட்டல் கழித்தல்களை விட்டுவிட்டால், நிழலில் ஒளிய 10 சதவீதம், ஓசையின்றி நடக்க 15. இரண்டும் பலிக்க வேண்டும் என்று நடத்துபவர் கேட்டால் வாய்ப்பு ஒன்றரை சதவீதம். ஊருக்கும் இல்லை, தனக்கும் இல்லை என்ற கதைதான்.

ஆகவே விசேஷ கிளாஸ் எழுதுகிறவர்கள் 'இவரால் பொறியைக் கண்டுபிடிக்க முடியும்' என்று எழுதாமலிருப்பது நல்லது. 'பொறி தேட மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகும். இவருக்கு ஒரு ரவுண்டு (சண்டையில் எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்று) போதும். தேடல் தவறினாலும் பொறி வெடிக்காது' என்று எழுதிப் பாருங்கள். கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, இவர் மட்டும் வேகமாக நுழைகிறார்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. பேயோட்டி என்று ஒரு கிளாஸ் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எல்லோர் கையிலும் முதலில் வருவது இதுதான்: பேய், பிசாசு, எழுந்து நடக்கும் பிணம் ஆகியவற்றின் மீது விழும் ஒவ்வொரு அடிக்கும் எட்டு முகப் பகடை ஒன்று கூடுதல் டேமேஜ், அதாவது சேதம். கதையில் நான்கு சண்டைக்கு ஒன்றில் பேய் வருகிறதென்றால், மூன்றில் இவர் கொஞ்சம் மட்டமான ஃபைட்டர், நான்காவதில் இவரே ராஜா, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். இவருக்காகவே நடத்துபவர் எங்கு பார்த்தாலும் பேயை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் இவரை மறந்துவிட வேண்டும். இதே பள்ளத்தின் மறு கரையும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ரோக்கின் (பழைய தீஃபின் புதுப் பெயர்) ஸ்னீக் அட்டாக், அதாவது அசந்த எதிரி மீது விழும் கூடுதல் அடி, நடைப்பிணங்கள் மீதும் இயந்திர உருவங்கள் மீதும் செல்லாது. பாழடைந்த கல்லறை ஒன்றுக்குள் கதை நுழைந்தால் ரோக் ஆடுகிறவருக்கு அன்றைக்கு வேலையே இல்லை. அந்தப் பதிப்பை ஒட்டி 2009-ல் வந்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு இந்தத் தடையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டது.

சரிசெய்யும் வழி இப்படி இருக்கலாம். சண்டை தொடங்கும்போது பேயோட்டி எந்த எதிரியை வேண்டுமானாலும் குறிவைக்கலாம். அந்த எதிரியிடம் எது பலிக்காது, எது கூடுதலாகப் பலிக்கும் என்பதில் ஒன்றை நடத்துபவர் சொல்லியாக வேண்டும். குறிவைத்த எதிரி மீது ரவுண்டுக்கு ஒருமுறை மட்டும் ஆறு முகப் பகடை ஒன்று கூடுதல் டேமேஜ். அது பேயாக இருந்துவிட்டால், அடி விழுந்ததிலிருந்து இவருடைய அடுத்த முறை வரை அதனால் சுவருக்குள் புகவும் முடியாது, காயத்தை ஆற்றிக்கொள்ளவும் முடியாது. அன்றாடச் சண்டைக்குச் சாதாரணக் கருவி ஒன்று இருக்கிறது. பேய் வரும்போது பெரிய எண் எதுவும் கிடைப்பதில்லை, வேறு யாராலும் செய்ய முடியாத ஒரு காரியம் கிடைக்கிறது.

'ரவுண்டுக்கு ஒருமுறை' என்ற சொற்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 65 சதவீதம் படும் வாய்ப்புள்ள இரண்டு தாக்குதல்களில் ஒன்றாவது படும் வாய்ப்பு ஏறக்குறைய 88 சதவீதம். ஆறு முகப் பகடையின் சராசரி 3.5, ஆக ரவுண்டுக்கு 3.1 கிடைக்கும். 'ஒவ்வொரு அடிக்கும்' என்று எழுதினால் 4.55. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். எங்கிருந்தோ மூன்றாவது தாக்குதல் ஒன்று கிடைத்துவிட்டால் முதல் வாசகம் 3.35-க்குத்தான் ஏறும், இரண்டாவது 6.8-க்குப் பாயும்.

எவ்வளவு டேமேஜ் நியாயம் என்பதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் ஐந்தாம் லெவல் நல்ல உரைகல். பெரிய வாள் பிடித்த ஃபைட்டர்: இரண்டு ஆறு முகப் பகடையும் பாத்திரத்தின் திறனுக்கான 4-ம் சேர்த்து அடிக்குச் சராசரி 11, இரண்டு தாக்குதல், படும் வாய்ப்பு 65 சதவீதம், கிரிட்டிக்கலை (அதிர்ஷ்டத்தில் விழும் பெரிய அடியை) விட்டுவிட்டால் ரவுண்டுக்கு 14.3. ரேப்பியர் என்ற மெல்லிய வாள் வைத்த ரோக்: 4.5-ம் 4-ம் ஸ்னீக் அட்டாக்கின் 10.5-ம் சேர்த்து 19, ஒரே தாக்குதல், 12.35. உங்கள் கிளாஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கட்டும். மேலே சொன்ன பேயோட்டி எட்டு முகப் பகடை வாளோடு, அதே 4-ம் சேர்த்து, இரண்டு முறை வீசினால் 11.05, கூட 3.1, மொத்தம் 14.1. தாங்கும், ஆனால் மேல் விளிம்பில் இருக்கிறது. துப்பு அறியும் சக்தியும் கையில் இருப்பதால் இன்னும் ஒரு புள்ளி குறைத்தாலும் தகும்.

செலவழித்த சக்தி எப்போது திரும்பக் கிடைக்கிறது என்பதை நிறையப் பேர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஐந்தாம் பதிப்புக்கு 2014-ல் வந்த நடத்துநர் கையேடு கதையின் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல்கள் என்று கணக்கு வைக்கிறது. பல மேசைகளில் நடப்பதோ ஒன்று அல்லது இரண்டு. அந்தப் பதிப்பின் ஐந்தாம் லெவல் பாலடினுக்கு (புனித வீரர்) நாளுக்கு முதல் நிலை ஸ்லாட் (ஒரு மந்திரத்துக்கான சக்தி) நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. அத்தனையையும் ஸ்மைட்டாக, அதாவது பட்ட அடியோடு சேரும் தெய்வீக அடியாகச் செலவழித்தால் கூடுதல் டேமேஜ் சராசரி 63. மூன்று ரவுண்டு வீதம் ஆறு சண்டைக்குப் பங்கிட்டால் ரவுண்டுக்கு 3.5தான். நாளுக்கு ஒரே சண்டை என்றால், மூன்று ரவுண்டில் படும் நான்கு அடியிலேயே 45 இறங்கிவிடும், ரவுண்டுக்கு 15! ஒரு எழுத்தும் மாறாத அதே கிளாஸ்தான். ஆகவே புது கிளாஸின் சக்தியைத் தூங்கி எழுந்தால்தான் திரும்பும் என்று வைக்காமல், சண்டைக்கு இத்தனை என்று வைத்தால் மேசைக்கு மேசை மாறாது.

தன் துறையில் வல்லவர் என்று காட்டுவதற்காக அந்தத் துறையையே ஆட்டத்திலிருந்து துடைத்துவிடுவது இன்னொரு கோளாறு. 2014-ன் ரேஞ்சருக்கு (காட்டு வழி அறிந்த வீரர்) பிடித்த நிலப்பரப்பில் பயணம் செய்தால் மாயத்தாலன்றிக் குழு வழிதவறாது, கரடுமுரடான பாதை வேகத்தைக் குறைக்காது. காட்டுக்காகவே ரேஞ்சரைத் தேர்ந்தெடுத்தவருக்குக் காடு ஒரு வரியில் முடிந்துபோகிறது. 2020-ல் இதற்கு மாற்று விதிகள் வந்தன, 2024-ல் கிளாஸையே திருத்தி எழுதினார்கள்.

முதல் லெவலிலேயே நல்லதையெல்லாம் அள்ளிக் கொடுத்தால், வேறு கிளாஸ்காரர்கள் இந்தக் கிளாஸில் ஒரு லெவல் மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் கிளாஸுக்கே ஓடிவிடுவார்கள். முதல் லெவலில் ஒரே ஒரு கருவி போதும். அது வளர்வது அந்தக் கிளாஸின் லெவலைப் பொறுத்ததாக இருக்கட்டும், எல்லா கிளாஸும் சேர்ந்த மொத்த லெவலைப் பொறுத்து வேண்டாம். 2014-ல் கிளெரிக்குக்கு முதல் லெவலிலும் விசார்டுக்கு (மந்திரவாதி) இரண்டாவதிலும் கிடைத்த சப்கிளாஸ் (கிளாஸின் உட்பிரிவு), 2024-ல் எல்லோருக்கும் மூன்றாவதுக்குப் போய்விட்டது.

ஒரு விளையாட்டின் எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகவும் கூடாது. இருபது முகப் பகடையில் +2 என்றால் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி ஏறும். இரண்டு ஆறு முகப் பகடையைக் கூட்டி 7-ஐத் தொட வேண்டிய விளையாட்டில் அதே +2, வாய்ப்பை 58 சதவீதத்திலிருந்து 83-க்குக் கொண்டுபோகும்.

துணை மிருகங்களை அழைக்கும் கிளாஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரே சொல்: ஒன்றுக்கு மேல் வேண்டாம். 2014-ன் ஐந்தாம் லெவல் ட்ரூயிட் (இயற்கையின் பூசாரி) ஒரே மந்திரத்தில் எட்டு விலங்குகளை இறக்கலாம். எட்டுக்கும் பகடை உருட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

சோதிக்கும்போது 1, 5, 11 என்று மூன்று லெவல்களில், ஒவ்வொன்றிலும் ஓய்வில்லாமல் மூன்று சண்டை நடத்துங்கள். அவற்றில் ஒன்றிலாவது கிளாஸின் சிறப்புக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத எதிரி வரட்டும். எழுதியவரே ஆடக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. தாளை மட்டும் வேறொருவரிடம் கொடுங்கள். அவர் எந்த வரியில் தலையைத் தூக்கிக் கேள்வி கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். மூன்று சண்டையிலும் தொடாத சக்தி இருந்தால் அடித்துவிடலாம். எல்லா ரவுண்டிலும் ஒரே சக்தியைத்தான் எடுக்கிறார் என்றால் மற்றவை பயனற்றவை, அல்லது அது ஒன்று மட்டும் மிகையானது, பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், மாதிரி கிளாஸ் ஒன்றை இந்த மூன்று லெவல்களுக்கும் டேமேஜ் கணக்கோடு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்